இணைப்பு வண்டி

இடமாற்ற விண்ணப்பத்தைக் கொடுக்க இன்னும் சரியாக ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. அப்போது புதன்கிழமை பகல் பன்னிரண்டு. கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து. இந்தக் கணக்கைப் போட நிமிஷத்துக்குக் காகிதம் தேவைப்படவில்லை. பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை தயாரிப்பதுதான் அவள் வேலை. யார் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பாள். சொன்னபடி ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்தும் பார்ப்பாள். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

விண்ணப்பம் மேசை இழுப்பறையில் சிவப்புப் பென்சில்களுக்கு அடியில் கிடந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று. 'காரணம்' என்ற இடத்தில் 'குடும்பம்' என்று எழுதியிருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி. கையெழுத்துப் போட்டால் அக்கா இருக்கும் ஊர். போடாவிட்டால் பஞ்சு இருக்கும் வீடு.

பஞ்சு ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். வாயைத் திறந்து படுத்திருப்பவர்களின் கன்னத்துக்குள் பஞ்சுருளை அடைத்து அடைத்து, வீட்டிலும் அவள் பையைத் தட்டினால் நாலு உருளை உதிரும். பெயரும் அப்படித்தான் ஒட்டியது. நாலு வருஷமாக இருவருக்கும் ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே சீப்பு. கீழ்வீட்டுக்காரருக்கு அவர்கள் சிநேகிதிகள். அக்காவுக்கு பஞ்சு 'உன்கூட இருக்கற பொண்ணு'. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. இவர்களும் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை காலையில் பஞ்சு கிளம்பிப் போனதும் நிமிஷத்துக்குக் காய்ச்சல் அடித்தது. அவள் திரும்புவதற்குள் மாத்திரை போட்டு இறக்கிவிட்டாள். மத்தியானம் தொடையிடுக்கில் நெறி கட்டியது. ஞாயிற்றுக்கிழமை, வாய்விட்டுச் சொல்லக் கூசும் இடத்தில் பொடிப் பொடியாகக் கொப்புளங்கள். சிறுநீர் பட்டால் நெருப்பு வைத்தது போல இருந்தது. திங்கட்கிழமை பஞ்சு வேலைக்குப் போன பிறகு, தனியாக மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டரம்மா பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டார்.

"ஹெர்பிஸ் மாதிரி தெரியுதும்மா. பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணுமில்ல. கொப்புளத்துலேர்ந்து குச்சியில தடவி எடுத்து அனுப்பறேன். வியாழக்கிழமை ரிசல்ட் வந்துடும். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க."

"இது எப்படி டாக்டர்..."

"வீட்டுக்காரர் வெளியூர் போவாரா?"

நிமிஷம் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். "போன வாரத்துக்கு முந்தின வாரம் மூணு நாள் போனா... போனார்."

"ம்" என்றார் டாக்டரம்மா. அந்த ஒற்றை எழுத்தில் ஒரு குடும்பத்தையே பிரித்துவிடலாம் போலிருந்தது. "தொத்தினதுக்கப்புறம் ரெண்டு நாள்லேர்ந்து பன்னெண்டு நாளுக்குள்ள காட்டும், சாதாரணமா. அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் விலகி இருங்க. அப்புறம் ஆணுறை போடச் சொல்லுங்க."

பஞ்சுவுக்கு 'அவர்' என்ற மரியாதை கிடைத்தது அன்றுதான் முதல் தடவை. வேறு சமயமாக இருந்தால் நிமிஷம் வீட்டுக்கு வந்து சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று அவள் வீட்டுக்கு வரவில்லை. நேராகப் பணிமனைக்குப் போய்க் கட்டம் போட்ட தாளை எடுத்தாள்.

வலது ஓரத்தில் சனிக்கிழமையைக் குறித்தாள். அங்கிருந்து இரண்டு நாள் பின்னால் ஒரு கோடு, பன்னிரண்டு நாள் பின்னால் இன்னொரு கோடு. நடுவில் இருந்தவை பதினோரு கட்டங்கள். அவற்றில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பஞ்சு வெளியூரில் பயிற்சி முகாமில் இருந்தாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் இருவரும் சேர்ந்திருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு வாரம் பஞ்சு அசதி, தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள். அந்த ஞாயிறு மட்டும் அவளே வந்தாள்.

நிமிஷம் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். இருபது தடங்களுக்கு அட்டவணை போட்ட கை. ஒரு வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று தெரிந்தால் எங்கிருந்து எப்போது கிளம்பியது என்று பின்னோக்கிச் சொல்லிவிடும். முகாமிலிருந்து வண்டி வியாழக்கிழமை வந்து சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வண்டி. சனிக்கிழமை கடைசி நிறுத்தம். ஒரு கட்டம்கூட இடிக்கவில்லை.

"என்ன நிமிஷம், வண்டி எதையாவது தொலைச்சுட்டியா? மூஞ்சி அப்படி இருக்கு?" என்று எதிர் மேசைக் கட்டுப்பாட்டு அதிகாரி அன்றைக்கே கேட்டார்.

"கண்டுபிடிச்சுட்டேன் சார்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தாள். பஞ்சு தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த உண்மை எவ்வளவு கசப்பாக இருந்தாலும் சரி, அவளே சொன்னால் விண்ணப்பத்தில் கையெழுத்து விழாது. பொய் சொன்னால் விழும். இழுப்பறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பஞ்சு முதலிலேயே வந்திருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து நிமிஷத்தின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சுடலையே?"

"ஏன் சுடணும்?"

"சும்மாதான். ஊரெல்லாம் காய்ச்சல். உடம்பு நல்லாத்தானே இருக்கு? எங்கயாவது எரிச்சல், வலி?"

"ஒண்ணுமில்ல. பஞ்சு, இதை நீ தினம் கேக்கறே."

"அக்கறைடி. அதுக்கும் டைம்டேபிள் போட்டுத்தான் கேக்கணுமா?"

அக்கறை! நாலு வருஷத்தில் நிமிஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட 'மாத்திரை போட்டியா' என்று தூரத்திலிருந்து கத்துகிறவள் பஞ்சு. இப்போது பத்து நாளாக நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். கை கழுவுகிறாள், கழுவிய கையை மறுபடி கழுவுகிறாள். தனியாக ஒரு துண்டு வைத்துக்கொண்டாள். எதையோ செய்துவிட்டு வந்தவளின் அக்கறை இது என்று நிமிஷத்துக்குப் பட்டது.

பஞ்சு குளிக்கப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. நிமிஷம் கதவருகே தொங்கிய பையைத் திறந்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. கை கூசியது, ஆனாலும் போயிற்று.

பஞ்சுருளைகள். சாப்பாட்டு டப்பா. ஒரு பெட்டி கையுறை, பாதி காலி. அதன் கீழே, தட்டையான ஒரு பொட்டலத்தில் பச்சை நிறத்தில் மெல்லிய ரப்பர்த் தாள்கள், ஒவ்வொன்றும் கைக்குட்டை அளவு. பல் மருத்துவமனைச் சாமான் வீட்டுக்கு எதற்கு வருகிறது? வீட்டில் யார் பல்லைப் பிடுங்கப் போகிறாள்?

தொலைபேசி அடித்தது. நிமிஷம் பையை மூடும் அவசரத்தில் ஜிப் விரலைக் கடித்தது. அக்காதான்.

"என்னடி, பேப்பரைக் குடுத்துட்டியா? மாடி காலியாத்தான் இருக்கு. மாமா ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சுட்டார். பசங்க சித்தி வருது சித்தி வருதுன்னு குதிக்குதுங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு அக்கா."

"உன் கூட இருக்கற பொண்ணு என்ன சொல்லுது? தனியா வாடகை குடுத்துக்குமா?"

"அவளுக்கு வேற ஆள் கிடைப்பாங்க" என்றாள் நிமிஷம். சொன்ன பிறகுதான் தான் சொன்னது தனக்குக் கேட்டது.

குழாய் நின்றது.

வியாழக்கிழமை காலை டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். ரிசல்ட்டைக் கொடுத்தது ஆலோசனை அறையிலிருந்த நர்ஸ். ஐம்பது வயதிருக்கும். மேசையில் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு இருந்தது. அதன் மேல் அவர் தன் சாவிக்கொத்தை மாட்டியிருந்தார்.

"ஹெர்பிஸ்தான். டைப் ஒண்ணு" என்றார். "பொதுவா உதட்டுல வருமே, காய்ச்சக் கொப்புளம்னு சொல்வாங்களே, அதே ஆளுதான். கீழேயும் வரும். இந்த டைப் கீழே வந்தா அடிக்கடி திரும்பி வராது, அது ஒரு நிம்மதி. உங்க வீட்டுக்காரருக்கு உதட்டுல புண்ணு ஏதாவது..."

உதடு. முகாமில் எடுத்த படம் ஒன்றைப் பஞ்சு காட்டியிருந்தாள். அவள் தோளில் கை போட்டு நின்றவள் பஞ்சுவின் மருத்துவமனையில் பல் அச்சு எடுக்கிற பெண். சிரிக்கிற வாயின் ஓரத்தில் ஒரு பொருக்கு. 'இவ வாய்க்கு இதுவும் வேணும்' என்று பஞ்சு அன்று சொன்னது இப்போது வேறு மாதிரி ஒலித்தது.

"...ஆணுறை போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது, அது மூடாத இடத்துலயும் தோல் படுமில்லையா, அதனால அவர்கிட்ட..."

"சிஸ்டர்."

"சொல்லும்மா."

"அவர் இல்ல. அவ."

நர்ஸின் பேனா தாளின் மேல் ஒரு நொடி நின்றது. பிறகு அவர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"அட, முதல்லயே சொல்லக்கூடாதா? இவ்வளவு நேரம் பேசினது பாதி வீணாப்போச்சு. சரி, முதல்லேர்ந்து சொல்றேன்." எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். "பொம்பளைக்குப் பொம்பளை இதெல்லாம் தொத்தாதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டிருக்காங்க. தப்பு. இதுக்கு ஆம்பளை வேணும்னு கட்டாயமில்ல. தோலும் தோலும் உரசினா போதும். வாய் வழியா வரும். விரல்ல புண்ணு இருந்தா விரல் வழியா வரும். சில சமயம் புண்ணே இல்லாதப்பவும் வரும்."

"துண்டு, கக்கூஸ்?"

"ம்ஹூம். வெளியே வந்தா ரொம்ப நேரம் தாங்காது. பாவம், அந்தத் துண்டைத் திட்டாதே." நர்ஸ் தன் மேசைக் கையுறைப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவினார். "எரிச்சலோ கொப்புளமோ பொருக்கோ இருந்தா, யாருக்கு இருந்தாலும், அந்த இடத்தைத் தொடவே கூடாது. பொருக்கு உதிர்ந்தா மட்டும் போதாது. புதுத்தோல் முழுசா மூடணும். மத்த நாள்ல, கையின்னா கையுறை. அவளுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, மாத்திப் போடக்கூடாது. வாயின்னா நடுவுல மெல்லிசா ஒரு ரப்பர் ஷீட். பல் டாக்டர்கிட்ட இருக்கும் பாரு, பச்சையா, நீலமா, அதேதான். கிடைக்கலைன்னா..." கத்தரிக்கோலை எடுத்துக் கையுறையின் விரல்களை நறுக்கினார், பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி மேசையில் விரித்தார். "ஆச்சு ஷீட். பொதுவா உபயோகிக்கற சாமான் ஏதாவது இருந்தா அதுக்கு ஆணுறை, ஆள் மாறும்போது அதையும் மாத்து. அடிக்கடி வந்தா தினம் ஒரு மாத்திரை இருக்கு, அடுத்தவங்களுக்குப் போறதையும் குறைக்கும். இவ்வளவுதான். இதோட அவனவன் அறுபது வருஷம் சந்தோஷமா குடும்பம் நடத்தறான்."

நிமிஷத்தின் காதில் கடைசி வாக்கியங்கள் விழவில்லை. கையுறை. பச்சை ரப்பர்த் தாள். அது என்ன சாமான் என்று நேற்று அவளுக்குத் தெரியாது. பஞ்சுவுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் அவை இதுவரை வெளியே வந்ததில்லை. அப்படியானால் பெட்டி பாதி காலியானது எங்கே, யாரோடு?

பையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்து நீட்டினாள். நர்ஸ் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, பஸ் டைமா?"

"அந்த முறைதான். இதுல பாருங்க, செவ்வாயிலேர்ந்து வியாழன்..."

"ஓ. கேஸ் முடிஞ்சு தீர்ப்பே எழுதியாச்சா!" நர்ஸ் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தக் கிருமி உன் வண்டி மாதிரி இல்லம்மா. சில பேருக்கு ஆறு நாள்ல காட்டும். சில பேருக்கு ஆறு வருஷம் காட்டாது, நரம்புல போய்ப் படுத்துக்கும். ஊர்ல பாதிப் பேருக்கு மேல இந்த டைப் உள்ளே இருக்கு. அதுல முக்கால்வாசிப் பேர் சின்ன வயசுல யாரோ மாமா அத்தை முத்தம் குடுத்து வாங்கினது. அவங்களுக்கே தெரியாது. அவளுக்கும் தெரியாம இருக்கலாம். இல்ல, உனக்கே முன்னாடியே இருந்து இப்பதான் வெளிய வந்திருக்கலாம். யார் குடுத்தாங்கன்னு சொல்ற மிஷின் எங்ககிட்ட இல்ல. இருக்கறது ஒண்ணுதான்."

"என்ன சிஸ்டர்?"

"அவளைக் கேளேன்."

கேட்கலாம். ஆனால் கேட்டு வாங்குகிற பதிலை எப்படி நம்புவது? நிமிஷம் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். நர்ஸ் விரித்துக் காட்டிய கையுறையை அவள் கையில் திணித்து அனுப்பினார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நிமிஷம் வீட்டுக்குப் போகாமல் பல் மருத்துவமனைக்குப் போனாள். அந்த அச்சுக்காரியின் வாயை நேரில் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. இரண்டாம் மாடி. படியேறும்போதே கிராம்பு வாசமும் துளைக்கிற இயந்திரத்தின் கீச்சலும் வந்தன. வரவேற்பு மேசையில் அச்சுக்காரியே உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். விரல்களில் காய்ந்த வெள்ளை மாவு.

"உதட்டுல கொப்புளமா சார்? அப்ப நாளைக்கு வேணாம். இன்னிலேர்ந்து பதினாலு நாள் கழிச்சுப் போடறேன்... ஆமா சார், இங்க அதான் வழக்கம். பதினாலு நாள்." போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அடடே, நிமிஷம் அக்கா! இந்தப் பக்கமே வர மாட்டீங்களே. பல் வலியா, பஞ்சு வலியா?"

அவள் உதட்டோரம் சுத்தமாக இருந்தது. நிமிஷம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் உதட்டுல ஏதோ இருந்துச்சே. போட்டோல பாத்தேன்."

"அந்த மானங்கெட்ட கொப்புளமா? சின்ன வயசுலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும்க்கா. முகாம்ல உங்க ஆளு என்னைக் கிட்டயே சேக்கலையே! ஒரே ரூம் போட்டிருந்தாங்க. என் வாயைப் பாத்துட்டு நேரா ஆபீஸ்ல போய் வேற ரூம் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டா. போட்டோவுக்குக்கூட நான்தான் இழுத்துக் கட்டிப் பிடிச்சேன். அவ்வளவு சுத்தம்! கையில வேற கட்டு, அதுக்கு மேல கையுறை, அதுக்கும் மேல இன்னொரு கையுறை. மகாராணி மாதிரி வந்தா."

நிமிஷத்தின் தாளில் ஒரு கட்டம் இடித்தது. "கையில கட்டா?"

"அதான்க்கா, ஸ்டெரிலைசர்ல சுட்டுக்கிட்டாளே. இந்தக் கருவியெல்லாம் வேக வைப்பமே, அந்த மூடி பட்டுடுச்சாம். மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நாற்காலிப் பக்கம் வர மாட்டேங்கறா. எங்க டாக்டரம்மா கூப்பிட்டா ஓடிப் போய் ரெஜிஸ்டர் எழுதறா. அவ வேலையெல்லாம் என் தலையில. நீங்களாவது சொல்லுங்க, சூட்டுக் கொப்புளத்துக்கு இவ்வளவு சீன் போடணுமா?"

அந்தக் கட்டு அவளுக்கும் தெரியும். வலது ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்டர். 'என்னடி ஆச்சு' என்று கேட்டபோது, 'பேப்பர் அறுத்துடுச்சு' என்றாள் பஞ்சு. பேப்பர் அறுத்தது என்று வீட்டுக்கு ஒரு கதை. மூடி சுட்டது என்று வேலைக்கு ஒரு கதை. ஒரே விரலுக்கு இரண்டு பொய். இந்தப் பெண் இல்லை, சரி. அப்படியானால் எதை மறைக்க?

உள்ளே கதவு திறந்தது. பஞ்சு பதிவேட்டை அணைத்துக்கொண்டு வந்தவள் நிமிஷத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"நிமி? காய்ச்சலா?"

அதைத்தான் முதலில் கேட்டாள்.

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நிமிஷம் வெளியே பார்த்தாள். பஞ்சு நிமிஷத்தைப் பார்த்தாள். வண்டி நாலு நிமிஷம் தாமதம். அதைக்கூட நிமிஷம் குறித்துக்கொள்ளவில்லை.

சமையலறை மேசையில் இடமில்லாதபடி காலையில் நறுக்கிய காய்த்தோல் கிடந்தது. நிமிஷம் அதை ஒதுக்கித் தள்ளி, ரிசல்ட்டை வைத்தாள்.

"படி."

பஞ்சு நின்றபடியே படித்தாள். ஒரு பக்கம்தான். படிக்க அத்தனை நேரம் ஆகாது. அவள் முகத்தில் அதிர்ச்சி வரும், இல்லை கோபம் வரும் என்று நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் வரவில்லை. வெகுநாளாக எதிர்பார்த்த கடிதத்தைப் படிக்கிறவள் போலப் படித்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"சனிக்கிழமை."

"வலிச்சுதா?"

"பேச்சை மாத்தாதே. யாரு அவ?"

"எவ?"

"முகாம்ல. இல்ல முகாமுக்கு முன்னால. உன் பையில கையுறை இருக்கு, அந்தப் பச்சை ஷீட் இருக்கு. அது எதுக்குன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு."

பஞ்சு ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் செத்தது. "எவளும் இல்லடி. உன்னைச் சமாளிக்கவே எனக்கு நேரம் பத்தலை, இன்னொருத்திக்கு எங்க போவேன்?"

"பேப்பரா, சூடா?"

"என்ன?"

"விரல்ல. என்கிட்ட பேப்பர்னே. அங்க சூடுன்னே. ரெண்டுல எது?"

பஞ்சு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதைக் கவனித்ததும், நிமிஷத்துக்கு அதுவரை இருந்த கோபத்தோடு பயமும் சேர்ந்தது.

"ரெண்டும் இல்ல" என்றாள் பஞ்சு. "ஒரு குழந்தை கடிச்சுடுச்சு. மூணு வயசு. வாய் முழுக்கப் புண்ணு, காய்ச்சல். அழுதுட்டே இருந்துது. பஞ்சு வைக்கப் போனேன், நறுக்குனு கடிச்சுது. கையுறை கிழிஞ்சுது. ரெண்டு நாள்லயே விரல் துடிக்க ஆரம்பிச்சு அப்புறம் கொப்புளம். இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் மாசமே படம் காட்டிச் சொல்லித் தருவாங்க. பாத்ததுமே இதுதான்னு தெரிஞ்சுது."

"அப்ப உங்க டாக்டரம்மாகிட்ட சொல்றதுதானே?"

"முன்ன ஒருத்திக்கு வந்துது. வீட்டுக்குப் போம்மா, ஆறட்டும்னாங்க. ஆறிடுச்சு. திரும்பக் கூப்பிடவே இல்ல. அதான் நானே நாற்காலியை விட்டு விலகிட்டேன். யாரையும் தொடலை. உன்னையும் தொடலை."

"அதான் சுவரைப் பாத்துப் படுத்தியா."

"ஆமா. நாள் எண்ணினேன். எங்க கணக்கு உனக்குத் தெரியாது. உதட்டுல புண்ணுன்னு யார் வந்தாலும் பதினாலு நாள் தள்ளிப் போடுவோம். பதினாலு நாள்னா பதினாலு நாள், வாயில பழகிப்போச்சு. நானும் பதினாலு நாள் எண்ணினேன். ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது. பிளாஸ்டரை எடுத்துப் போட்டேன். பொருக்கும் உதிர்ந்திருந்துது. முடிஞ்சுதுன்னு நினைச்சேன் நிமி."

'பொருக்கு உதிர்ந்தா மட்டும் போதாது' என்று காலையில் கேட்ட குரல் நிமிஷத்தின் காதில் ஓடியது. தன் பைக்குள் மடிந்து கிடந்த தாள் நினைவுக்கு வந்தது. பதினோரு கட்டம் இவளுடையது. பதினாலு கட்டம் அவளுடையது. இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணியிருக்கிறார்கள். விரலை யாரும் பார்க்கவில்லை.

கோபம் கொஞ்சம் இறங்கியது. இவ்வளவுதானா? இவ்வளவு என்றால் தாங்கலாம். யாரும் இல்லை, முகாம் இல்லை, பொய்கூட பயத்தில் சொன்ன பொய். அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

ஆனால் அட்டவணை போட்டுப் பழகிய மூளை சும்மா இருக்காது. எங்கேயோ ஒரு வண்டி கணக்கில் வரவில்லை.

"பஞ்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன்றே. அப்புறம் எதுக்குக் கையுறை?"

பஞ்சு இடது கையால் மேசையிலிருந்த காய்த்தோலைக் குவித்தாள்.

"பெட்டி எப்ப வாங்கிட்டு வந்தே?"

"திங்கக்கிழமை."

"எந்தத் திங்கக்கிழமை?"

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள்."

"மறுநாளே எதுக்கு வாங்கணும்?"

கீழ்வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள். பஞ்சு தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். மேசைமேல் வைத்து, ஆள்காட்டி விரலை நீட்டினாள். நகத்தின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுத்தோல், நகக்கணுவோடு ஒட்டிக்கொண்டு, கடுகளவுதான்.

"பாதிக் கையுறை நான் வீட்டுல போட்டதுதான். சாப்பாடு எடுத்து வைக்க, உன் துணி மடிக்க. நீ வர்றதுக்குள்ள கழட்டிடுவேன். அந்த ஷீட் உனக்கும் எனக்கும்தான். தினம் எடுப்பேன், சொல்ல வாய் வராது, திரும்ப வைப்பேன்."

"நான் கேட்டது அது இல்ல. மறுநாள் ஏன்?"

"நிமி, விடேன்."

"நாளைக்கு நான் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணும். அக்கா ஊருக்கு. இன்னும் போடலை. அதனால விட மாட்டேன். சொல்லு."

பஞ்சு நிமிர்ந்து பார்த்தாள். அக்கா ஊர் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. உதடு கோணியது, ஆனால் அழவில்லை. விரலை மடக்கினாள், மறுபடி நீட்டினாள்.

"திங்கக்கிழமை காலையில பல் தேய்க்கும்போது பாத்தேன்" என்றாள். "நகத்தோரம் ஈரமா இருந்துது. மூடவே இல்ல. நீ சட்டை இஸ்திரி போட்டுட்டு என்னமோ பாடிட்டிருந்தே. அப்பவே சொல்லியிருந்தா நீ அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருப்பே, காய்ச்சல் வந்த உடனே மாத்திரை போட்டிருப்பே, ரெண்டு நாள் எரிஞ்சிருக்காது. சொல்லலை. பத்து நாளா உன் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன், வராம இருக்கணும்னு. எனக்குத் தெரியும் நிமி. மறுநாள் காலையிலயே தெரியும்."